கறுப்பு பானெட்டில் போன வருஷம்

இந்தக் கதை நடந்தபோது நான் அங்கே இல்லை. பாலிஷ் மெஷின் விற்கும் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பல்லடத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கும் அப்துல் கனி சொன்னது இது. அவரும் பாதியைத்தான் கண்ணால் பார்த்தவர், மீதியை அந்தத் தெருவின் டீக்கடைக்காரரிடம் கேட்டவர். இரண்டு வாய் தாண்டி வந்த கதையில் எது வழியில் சேர்ந்தது, எது உதிர்ந்தது என்று எனக்குத் தெரியாது. என்னால் சரிபார்க்க முடிந்தது ஒன்றே ஒன்று, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில், காற்றாலைகள் தெரியத் தொடங்கும் இடத்தில் ஒரு கடைத்தெரு இருக்கிறது. ஒரு டீக்கடை, ஒரு தையல் கடை, ஒரு டிங்கரிங் பட்டறை, அதற்கு எதிரே ஒரு கார் பாலிஷ் கடை. பாலிஷ் கடை நாச்சிமுத்துவுடையது, பட்டறை அவன் தம்பி பூபதியுடையது. ஒரு வருஷம் ஆயுத பூஜைக்குச் சில நாள் இருக்கும்போது, சுற்றுவட்டாரத்துக் கார்கள் எல்லாம் மாலை போட்டுக்கொள்ளும் முன் மினுக்கிக்கொள்ள வந்து நின்ற நெருக்கடியில், ஷெட்டுக்குள் இடமில்லாமல் வெளியே வைத்து ஒரு காருக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த நாச்சிமுத்து, ஈரத் தரையில் நின்றபடி, மெஷினில் கரண்ட் அடித்து இறந்துபோனான். பக்கத்துக் காரை ஹோஸ் பைப்பால் கழுவிக்கொண்டிருந்தது அவன் மனைவி வசந்தாமணி. "தண்ணிய நிறுத்து" என்று அவன் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. வால்வைத் திருகியதும் ஞாபகம் இருந்தது. திருகியது அவன் விழுந்ததற்கு முன்பா, பின்பா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதைத் தவிர வேறு எதையும் அவள் யோசிக்கவும் இல்லை.

தை பிறந்ததும் கடையைத் திறந்தாள். மெஷின் வாங்க அப்துல் கனியிடம் போனாள்.

"அண்ணன் வச்சிருந்த மாதிரி ரோட்டரியே குடுக்கட்டுமாக்கா?"

"வேண்டாமுங்க. சூடு ஒரே எடத்துல நிக்காத மெஷினாப் பாத்துக் குடுங்க."

கனி டி.ஏ. மெஷினை எடுத்து வைத்தார். ரோட்டரியின் தட்டு ஒரே அச்சில் சுற்றும்; ஆழமான கீறலையும் சீக்கிரம் வெட்டிவிடும், ஆனால் கை ஒரு நொடி மறந்து நின்றால் பெயின்ட் வெந்துவிடும். டி.ஏ.யின் தட்டு சுற்றிக்கொண்டே தள்ளாடவும் செய்யும், அந்தத் தள்ளாட்டத்தில் சூடு பரவிப்போகும். "ஆனா மெதுவாத்தான் வெட்டுமுங்க அக்கா, பாத்துக்குங்க" என்றார் கனி.

"எனக்கென்ன அவசரம்" என்றாள் வசந்தாமணி.

அவள் வேலை செய்யும் விதம் அந்தத் தெருவில் பேச்சாயிற்று. காலையில் கழுவுவதோடு சரி. தரை காய்ந்து வெள்ளையாகும்வரை பிளக்கைச் சொருக மாட்டாள். வாடிக்கையாளர் கத்தினாலும் மாட்டாள். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, சேலைக்கு மேலே புருஷனுடைய காக்கிச் சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டிக்கொள்வாள். மெஷின் ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்வாள், தட்டில் மாட்டிய தேய்ப்புப் பேடைப் பெயின்ட்டின் மேல் வைத்த பிறகுதான் சுவிட்சைத் தட்டுவாள், பேட் நின்ற பிறகுதான் தூக்குவாள்.

அந்தக் கடையின் முன்னால் ஒரு கறுப்புக் கார் நின்றது. கோழிப்பண்ணை வேலைக்கு ஆப்பிரிக்கா போன ஒருவர், திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று நாச்சிமுத்து காலத்திலேயே விட்டுவிட்டுப் போனது. தெருவைப் பார்த்து நிறுத்தியது நிறுத்தியபடி, வெயிலும் புழுதியும் குடித்து, அடுப்புக்கரி நிறத்துக்கு வந்திருந்தது. ஆனி மாதம் வேலை குறைந்த ஒரு பிற்பகலில், புது மெஷினுக்குக் கை பழகட்டும் என்று வசந்தாமணி அதன் பானெட்டைக் கழுவிக் காயவைத்து, ஓரத்துப் பெயின்ட் வெந்துவிடாமலிருக்க அங்கே டேப் ஒட்டி, மிருதுவான ஃபோம் பேடை மாட்டி ஓட்டினாள். மங்கல் விலக விலக முதலில் அதில் ஒரு வானம் வந்தது, தலைக்கு மேலே மேகம் கட்டியிருக்க அதில் ஒரு துளி மேகம் இல்லை. அப்புறம் ரோட்டை அகலப்படுத்தும்போது வெட்டிப்போட்ட வேப்பமரம் எதிர்ப்பக்கத்தில் முழுசாக நின்று அசைந்தது. அப்புறம் மயில் கலர் சட்டை போட்ட நாச்சிமுத்து, கையில் டீ டம்ளரோடு, ஊதிக்கொண்டே ரோட்டைத் தாண்டி வந்தான்.

வசந்தாமணி சுவிட்சை நிறுத்தினாள். பேட் நின்றது. மெஷினைத் தூக்கித் துணி மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, டீக்கடைச் சென்னியப்பனைக் கூப்பிட்டாள்.

சென்னியப்பன் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம டம்ளருதான். இதைத் திருப்பிக் குடுக்கவே இல்ல அவன்" என்றார்.

மறுநாளுக்குள் தெருவுக்கே புரிந்துவிட்டது, அந்தப் பானெட் போன வருஷம் இதே நாளில் தன் முன்னால் என்ன நடந்ததோ அதைக் காட்டுகிறது என்று. இதே நாள் என்பது திதியா, இங்கிலீஷ் தேதியா என்பதில்தான் சண்டை வந்தது. மாரியம்மன் தேர் அதில் ஊர்ந்து போனபோது, நிஜத் தேருக்கு இன்னும் பல நாள் இருந்ததால், கார் இங்கிலீஷ் தேதிக்காரன்தான் என்று முடிவாயிற்று. அதோடு ஆச்சரியமும் முடிந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நேரம் போக்க அதைப் பார்த்தார்கள். தையல் கடை மும்தாஜ், அளவு ஜாக்கெட்டைத் திருப்பித் தரவே இல்லை என்று ஒரு வருஷமாகச் சாதித்துக்கொண்டிருந்த ஒரு டீச்சரம்மாவைக் கையோடு கூட்டிவந்து, மஞ்சப் பையில் அந்த ஜாக்கெட்டை வைத்து அவர் வாங்கிப்போவதைப் பானெட்டில் காட்டி, "இப்ப என்ன சொல்றீங்க டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சர் நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப நான் கொஞ்சம் ஒல்லியாத்தான் இருந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெருவின் நடையே மெல்ல மாறியது. திருட்டு பீடி குடிக்கிறவர்கள் காரின் டிக்கிப் பக்கமாகப் போய் நின்றார்கள். வேறு சிலர் தலைவாரிக்கொண்டு வந்து, அடுத்த வருஷத்துக்காக ஒரு நிமிஷம் பானெட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். மாசமாக இருந்த ஒரு பெண் வெள்ளிக்கிழமைதோறும் வந்து, வயிறு தெரியப் பக்கவாட்டில் நின்றாள், பிறக்கப்போகிற குழந்தை தன்னை வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று. கற்பூரம் ஏற்ற வந்தவர்களை வசந்தாமணி தடுத்தாள். "பெயின்ட்டுல சூடு படக்கூடாதுங்க." குங்குமம் வைக்க வந்தவர்களையும், காரைச் சுற்றிக் கயிறு கட்டித் தடுத்தாள். "பொடி தேச்சா கீறல் விழும். கும்பிடறதுன்னா கயித்துக்கு அந்தப் பக்கமா நின்னு கும்பிட்டுக்குங்க."

அவள் மட்டும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, நாச்சிமுத்து ஷெட்டுக்கும் டீக்கடைக்கும் நடப்பதை, பட்டறையில் தம்பியோடு பேசிவிட்டு வருவதை, வாடிக்கையாளரிடம் தலை சொறிவதைப் பார்த்தாள். சில நாள் அவளே அதில் வந்தாள், அவனைத் திட்டிக்கொண்டு. சத்தம் வராததால் எதற்குத் திட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆடிக் காற்று தொடங்கியது. காற்றாலைப் பக்கமிருந்து வந்த புழுதி பானெட்டில் நுண்ணிய கீறல்களைப் போட்டது, போன வருஷம் மங்கியது. அவள் மறுபடி பாலிஷ் போட்டாள், தெளிந்தது. மறுபடி மங்கியது. மேலே வாக்ஸ் பூசிப் பாதுகாக்கலாம் என்று கனி சொல்ல, ஒரு மூலையில் பூசிப் பார்த்தாள். அந்த மூலையில் மட்டும் போன வருஷம் மறைந்து, இப்போதைய வானம் தெரிந்தது. துடைத்து எடுத்த பிறகுதான் பழையது திரும்பி வந்தது. ஆக, தேய்ப்பது ஒன்றுதான் வழி. தேய்க்கத் தேய்க்கக் குறைவதும் அதுதான். கனி பெயின்ட் கனம் அளக்கும் மீட்டரைக் கொண்டுவந்து பானெட்டில் வைத்துக் காட்டினார்.

"இங்க பாருங்கக்கா. மேல இருக்கற கிளியர் கோட் ஒரு காகிதத்தோட கனம்கூட இருக்காது. நீங்க ஒவ்வொரு தடவையும் அதுலதான் கொஞ்சம் எடுக்கறீங்க. அது போனா கலர், கலர் போனா தகரம். ஒரு எடம் திறந்துருச்சுன்னா அந்த எடத்துல ஒண்ணும் தெரியாது, திரும்பவும் வராது."

"ஆயுத பூஜை வரைக்கும் தாங்குமா?"

கனி அவளைப் பார்த்தார். எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. தெருவுக்கும் அதற்குள் புரிந்திருந்தது. நாச்சிமுத்து விழுந்த இடம் அந்தப் பானெட்டுக்கு நேர் எதிரே, நாலு எட்டில் இருந்தது.

அதன் பிறகு வசந்தாமணி கையை இறுக்கிக்கொண்டாள். மங்கினாலும் பாலிஷ் போடவில்லை. விநாயகர் ஊர்வலத்தைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் தெளியவையுங்கள் என்று நாலு பேர் வந்து கேட்டார்கள். "அதைத்தான் போன வருஷமே பாத்தீங்கல்ல" என்று அனுப்பிவிட்டாள். நாச்சிமுத்து கலங்கிய தண்ணீருக்குள் நடப்பவன் மாதிரி நடந்தான், யார் அவன், யார் பூபதி என்று பிரித்தறிய முடியாமல் ஆயிற்று. அப்போதும் அவள் மெஷினைத் தொடவில்லை. அந்த ஒரு நாளுக்காக மிச்சம் பிடித்தாள். மிச்சம் பிடித்துக்கொண்டே அந்த நாளுக்குப் பயந்தாள்.

பயந்தவன் இன்னொருவனும் இருந்தான். பூபதி ஆனியிலிருந்தே அந்தக் காரின் முன்பக்கம் வருவதில்லை. டீக்கடைக்கு வருவதென்றால் சுற்றிக்கொண்டு வந்தான்.

"என்னப்பா பூபதி, கார் கடிச்சுப்போடுமா?" என்பார் சென்னியப்பன்.

"இல்லீங்க மாமா, வெயிலு" என்பான். வெயில் இல்லாத நாளிலும் அதையே சொன்னான்.

அந்த நாளுக்கு முந்தைய நாள் காலையில் வசந்தாமணி பானெட்டைக் கழுவி, காயவைத்து, கனி விட்டுப்போன மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஒரு தடவைக்கு இருந்தது. மெல்லிய பேட், மெல்லிய பாலிஷ் மருந்து, அழுத்தாத கை என்றால் ஒரு தடவை. அவள் டேப்பை எடுத்து ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருந்தபோது பூபதி ரோட்டைத் தாண்டி நேராக வந்தான். கையில் ரோட்டரி மெஷின் இருந்தது, அண்ணனுடையது, இரும்பு உடம்பு வைத்த பழைய மாடல். அதில், ஃபோமைவிட ஆழமாக வெட்டும் கம்பளி பேட் மாட்டியிருந்தான்.

"அண்ணி, இந்த மங்கலுக்கு டி.ஏ. காணாதுங்க. நகருங்க, நான் போட்டுத் தர்றேன்."

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கம்பளி பேட் போட்ட ரோட்டரியை இவ்வளவு மெலிந்த பெயின்ட்டில் வைத்தால் என்ன ஆகும் என்பது ஆனியிலிருந்து அந்தத் தெருவில் தையல்காரிக்கும் தெரியும். கேட்டவனுக்குத் தெரியும். கேட்கப்பட்டவளுக்கும் தெரியும். வசந்தாமணி அவனையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, ஒட்டிக்கொண்டிருந்த டேப்பை அதே நிதானத்தோடு ஓரங்களிலிருந்து உரித்துச் சுருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நகர்ந்து நின்றாள்.

"போடுங்க தம்பி" என்றாள்.

பூபதி இதை எதிர்பார்க்கவில்லை. தடுப்பாள், பிடுங்குவாள், நாலு பேர் முன்னால் ஏசுவாள் என்று நினைத்து வந்தவன், பேடைப் பானெட்டில் வைத்தான். வைத்தது வளைந்து இறங்கும் ஓரத்தில், பெயின்ட் எப்போதும் மெலிந்திருக்கும் இடத்தில். விரல் சுவிட்சுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"ஏன் அண்ணி டேப்பை எடுத்துட்டீங்க?"

"நீங்க ஏன் கம்பளி மாட்டிட்டு வந்தீங்க?"

காற்றில் மெஷின் ஒயர் மட்டும் தரையில் உரசியது. பூபதி அந்த ஒயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்குக் காலைல இந்த ஒயரு மேல ஒரு வண்டி ஏறி நசுங்கிப்போச்சுங்க அண்ணி. அண்ணன் என்னைய மாத்தித் தரச் சொன்னாரு. புது ஒயரு வாங்கப் பல்லடம் போவோணும். நான் வெட்டி ஒட்டுப்போட்டேன். ரெண்டு ஒயரத்தான் முறுக்குனேன். பச்சை ஒயர விட்டுட்டேன். எர்த்துதானே, அது இல்லாமயும் ஓடுமேன்னு. இந்தக் காருக்கு முன்னால குத்தவச்சுத்தான் டேப் சுத்துனேன்." அவன் மூச்சு விட்டுக்கொண்டான். "சாயங்காலம் மெஷினை எடுத்துட்டுப் போயி, பச்சையைச் சேத்துட்டேன். யாரும் கேக்கல."

வசந்தாமணி குனிந்து, அவன் கையிலிருந்த மெஷினை வாங்கிக் கீழே வைத்தாள்.

"தண்ணிய நிறுத்துன்னு சொன்னாருங்க தம்பி. கேட்டுச்சு. இன்னொரு பக்கம் மட்டும் பாக்கி, அதைக் கழுவிட்டு நிறுத்திக்கலாம்னு நெனச்சேன். நெனச்சது ஞாபகம் இருக்குது. எப்ப நிறுத்துனேன்னுதான் ஞாபகமில்ல. இதுல தெரிஞ்சிரும்னு மிச்சம் புடிச்சேன். இப்ப நீங்க மெஷினோட வர்றதப் பாத்ததும், எரிச்சுட்டுப் போங்கன்னு இருந்துச்சு எனக்கு."

டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. சென்னியப்பன் கவனிக்கவில்லை.

வசந்தாமணி சட்டைப் பையிலிருந்து சுருட்டிய டேப்பை எடுத்தாள், அது ஒட்டவில்லை, புதிதாக ஒன்றை வெட்டினாள். ஒரு முனையை அவள் பிடிக்க, மறு முனையைப் பூபதி பிடிக்க, நாலு ஓரமும் ஒட்டினார்கள். பிறகு அவள் டி.ஏ. மெஷினில் இருப்பதிலேயே மிருதுவான கறுப்பு ஃபோம் பேடை மாட்டி, மெஷினின் சொந்த எடைக்கு மேல் ஒரு அழுத்தமும் கொடுக்காமல், குறைந்த வேகத்தில், ஒரு கோட்டின் மேல் பாதி அடுத்த கோடு விழுமாறு, குறுக்கும் நெடுக்குமாகப் போய் வந்தாள். கை பொறுக்கும் சூடுதானா என்று பூபதி பின்னாலேயே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலையில் தெரு முழுக்கக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. கனியும் பல்லடத்திலிருந்து வந்திருந்தார். பானெட் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. வசந்தாமணியும் பூபதியும் முன்னால் நின்றார்கள். கடைக் கதவு திறந்தது, நாச்சிமுத்து வந்தான். ஷெட்டுக்குள் பார்த்தான், இடமில்லை, வெளியே ஒரு வெள்ளைக் காரை நகர்த்தி நிறுத்தினான். பிறகு நேராகப் பானெட்டை நோக்கி நடந்து வந்தான், முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பானெட்டில் ஒரு குருவி எச்சம் இருந்திருக்க வேண்டும். அதைச் சுரண்டாமல் ஈரத்துணியை வைத்து ஊறவிட்டுத் துடைத்தான். துடைத்த இடத்தில் பல்லைக் காட்டிப் பார்த்துக்கொண்டான். வசந்தாமணி ஒரு அடி முன்னால் போனாள். அவன் திரும்பி எதையோ எடுத்தான், உதறினான். சிவப்புப் பூப்போட்ட போர்வை ஒன்று வானத்தை மறைத்துக்கொண்டு விரிந்து இறங்கியது. பானெட் இருண்டுபோயிற்று.

யாருக்கும் உடனே புரியவில்லை. கனிதான் முதலில் சொன்னார்: "மருந்து தெறிக்குமில்ல. பக்கத்துக் காரு மேல விழக்கூடாதுன்னு மூடிட்டாரு."

"எங்க வூட்டுப் போர்வைங்க" என்றாள் வசந்தாமணி. "காணோம்னு எங்கெல்லாம் தேடினேன்."

கூட்டம் காத்திருந்தது. இருட்டு இருட்டாகவே இருந்தது. இதுக்கா இவ்வளவு, என்றார் ஒருவர். மும்தாஜ் அவரை முறைத்தாள். வெயில் ஏறியதும் ஒவ்வொருவராகக் கடைக்கும் பஸ்ஸுக்கும் போனார்கள், கனியும் போனார். பூபதி ஒட்டுப்போட்டது, நாச்சிமுத்து விழுந்தது, எல்லாம் அந்தப் போர்வைக்கு அந்தப் பக்கம் நடந்து முடிந்திருக்கும். அவர்கள் இருவர் மட்டும் அந்த இருட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கு மேல் சென்னியப்பன் சொல்லிக் கனி கேட்டது. உச்சி வேளையில் யாருடைய கைகளோ போர்வையைப் பிடித்து இழுத்தன, வெளிச்சம் வந்தது. தெருவே அதில் குனிந்து நின்றது. போர்வையில் நாச்சிமுத்துவைக் கிடத்தி, ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு குட்டியானை வண்டியை நோக்கி ஓடினார்கள். தலைப்பக்கம் பூபதி, கால்பக்கம் வசந்தாமணி. முதுகுகள் விலகிப்போன பிறகு தரை தெரிந்தது. ஒயர் சேரும் கழுத்தில் டேப் சுற்றிய ரோட்டரி கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் ஹோஸ் பைப், யாரும் பிடிக்காமல், தண்ணீரை ஊற்றிக்கொண்டு கிடந்தது.

இருவரும் அதை நெடுநேரம் பார்த்தார்கள். நேற்றுப் பேசியதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

"நானும் அந்தப் பைப்பத் தாண்டித்தான் ஓடியிருக்கேன் அண்ணி" என்றான் பூபதி. "நிறுத்தோணும்னு தோணல."

"நீங்க தலையப் புடிச்சிருந்தீங்க" என்றாள் வசந்தாமணி.

அந்தப் பானெட்டுக்கு அவள் அதன்பின் பாலிஷ் போடவில்லை. ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் படிந்து, அது மறுபடி கரி நிறத்துக்குப் போனது. வெள்ளிக்கிழமைகளில் வந்து நின்ற பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் வந்து கேட்டால் ஒரே ஒரு தடவை, வயிறு நின்ற அந்த ஓரத்தை மட்டும், கையாலேயே துடைத்துத் தருவதாக வசந்தாமணி சொல்லியிருக்கிறாளாம்.

நான் சரிபார்த்தது இதுதான். போன மாதம் கம்பெனி வேலையாக அந்தத் தெருவுக்குப் போனேன். கறுப்புக் கார் அங்கே இல்லை. உரிமையாளர் வந்து எடுத்துப்போய்விட்டதாகச் சொன்னார்கள். கதையில் பாக்கி எதையும் என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் பாலிஷ் கடை, பட்டறை, தையல் கடை, ஒரே ஒரு பல்பும் ஒரு மிக்ஸியும் ஓடும் டீக்கடை என எல்லாக் கடைகளிலும், மின் மீட்டருக்குப் பக்கத்தில், கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற பிரேக்கர் மாட்டியிருந்தது. நான் வேலை பார்க்கும் வேறெந்தத் தெருவிலும் அப்படிப் பார்த்ததில்லை. மாட்டிக்கொடுத்த எலக்ட்ரீசியனைப் பல்லடத்தில் தேடிப்பிடித்துக் கேட்டேன். எல்லாம் ஒரே வாரத்தில், நாச்சிமுத்து இறந்த மறு வருஷம், ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் மாட்டியவை என்றார். மாட்டியிருப்பது வேறு, வேலை செய்வது வேறு என்று எனக்கு ஒரு பயம். சென்னியப்பனிடம் கேட்டுக்கொண்டு, அவர் கடைப் பெட்டியில் இருந்த சோதனைப் பொத்தானை அழுத்தினேன். பல்பு அணைந்தது.